எழுபது வளைவும் ஒரு பாலமும்

கொல்லிமலையில் தொங்குபாலம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தலைப்பைப் பார்த்த கையோடு யாரும் வண்டியைக் கிளப்பிவிட வேண்டாம்.

அங்கே இருப்பது 70 கொண்டை ஊசி வளைவுகள். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண் பலகை. பஸ்ஸில் போகிறவர்கள் பத்து வரை ஆர்வமாக எண்ணுவார்கள். இருபதுக்கு மேல் பேச்சு குறையும். முப்பதைத் தாண்டினால் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். எந்த வளைவில் எந்த கியர், எங்கே ஹாரன், எதிரே லாரி வந்தால் எங்கே ஒதுங்குவது என்றெல்லாம் ஓட்டுநருக்கு மட்டும் மனப்பாடம். சோளக்காட்டை நெருங்கும்போது காது அடைத்துத் திறக்கும், காற்று குளிரும், எண்ணிக்கை 70-ஐ எட்டியிருக்கும்.

இப்படி வயிறு கலங்கி மேலே போய்ச் சேர்ந்தவர்கள், காட்சிமுனையில் நின்று கீழே பார்த்ததும் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். சீனாக்காரன் போட்டிருக்கிறானே, அதுபோல இங்கே ஒரு பாலம் போட்டால் என்ன?

அவர்கள் மனதில் இருப்பது ஹுவாஜியாங் பாலம். சீனாவின் குய்சோ மாகாணத்தில் பெய்பான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 2025 செப்டம்பர் 28 அன்று திறக்கப்பட்டது. மொத்த நீளம் 2,890 மீட்டர். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தொங்கும் பகுதி மட்டும் 1,420 மீட்டர். பாலத்தின் தளத்திலிருந்து ஆற்று நீர் வரை 625 மீட்டர். உலகில் இதைவிட உயரத்தில் வேறு பாலம் இல்லை. திறப்பதற்கு முன் 96 லாரிகளை மேலே நிறுத்திப் பாரம் சோதித்தார்கள். பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு மணி நேரம் பிடித்த பயணம் இப்போது இரண்டே நிமிடம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி, அதே படிகளில் ஏறி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்த ‘இரண்டு நிமிடம்’ வீடியோவைக் காட்டிப் பாருங்கள். ஏக்கம் வரத்தான் செய்யும்.

ஆனால் கொல்லிமலையின் சிக்கலே வேறு. பாலம் என்பது ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும் இரண்டு கரைகளைச் சேர்ப்பது. கொல்லிமலைச் சாலை சேர்ப்பது சமவெளியையும் மலையின் தலையையும். கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து, மேலே மேசைபோல் விரிந்து, நாலாபுறமும் சரிந்து விழும் மலை இது. 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்பது மலைச்சாலைக்கு நிதானமான கணக்கு. அந்தக் கணக்கில் 800 மீட்டர் உயரத்தை எட்ட 16 கிலோமீட்டர் சாலை வேண்டும். மலைச்சரிவில் அவ்வளவு நீளத்தை நேராகப் போட இடம் ஏது? அதனால் சாலை மடிகிறது. நீளத்தை மடித்து உயரமாக மாற்றும் வேலையைத்தான் 70 வளைவுகளும் செய்கின்றன. அந்த வேலையை உலகின் எந்தத் தொங்குபாலத்திடம் கொடுத்தாலும் அதனால் ஆகாது.

அப்படியானால் கொல்லிமலையில் பாலத்துக்கு வேலையே கிடையாதா? உண்டு. சுற்றுலாப் பயணியின் கண் போகாத இடத்தில் உண்டு. அங்கே போவதற்குமுன், தொங்குபாலம் எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் பாலம் கேட்பதும் ஆபத்து, கொடுப்பதும் ஆபத்து.

வடம் போடும் கணக்கு

வீட்டு முற்றத்தில் துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஈரப் போர்வையைப் போட்டதும் ஆணி பிடுங்கிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் தொய்வாகக் கட்டினால் அதே ஆணி தாங்குகிறது. தொங்குபாலத்தின் பொறியியலில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

எண்ணில் சொல்வதென்றால், 100 மீட்டர் நீளமுள்ள நடைபாலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தன் எடையும் மனிதர் எடையுமாகச் சேர்த்து மீட்டருக்கு 500 கிலோ. மொத்தம் 50 டன். நடுவில் வடம் 5 மீட்டர் தொய்ந்து தொங்குகிறது என்றால், இரு கரையிலும் வடங்கள் பாறையைக் கிடைமட்டமாக இழுக்கும் விசை 125 டன். சுமப்பதோ 50, இழுப்பதோ 125! தொய்வை 10 மீட்டராக்கினால் இழுவிசை 62.5 டன்னாகக் குறைந்துவிடும். எனவே தொங்குபாலத்தின் உயிர் நடுவில் இல்லை, கரையில் இருக்கிறது. வடத்தின் நுனியைப் பாறைக்குள் கட்டியிருக்கும் அந்த நங்கூரம் அசையாமல் இருக்கும் வரைதான் மேலே எல்லாம்.

அந்த விஷயத்தில் கொல்லிமலைக்குக் கொடுப்பினை உண்டு. மலையின் உடம்பு பெரும்பாலும் சார்னகைட் என்ற பழம்பெரும் கடும்பாறை. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான் என்பதை 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் கவனித்து அந்தப் பெயரை வைத்தார். கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து. பெயர் கிடைத்தது கல்கத்தாவில். நம் பாறைகளுக்குக்கூட அந்த யோகம்தான். பாறை கடினமாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, மேல்பகுதி எவ்வளவு ஆழத்துக்கு உளுத்திருக்கிறது, மழைநீர் எங்கே இறங்குகிறது என்பதை ஒவ்வோர் இடத்திலும் துளையிட்டுப் பார்த்துத்தான் நங்கூரம் போட முடியும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது வடத்துக்குப் பெரிய விஷயமே இல்லை. கீழே 10 மீட்டரில் ஓடை இருந்தாலும் 600 மீட்டரில் ஆறு இருந்தாலும் நீளமும் பாரமும் ஒன்றென்றால் இழுவிசையும் ஒன்றுதான். ஆழம் முக்கியமாவது வேறு காரணங்களுக்காக. ஆழமான பள்ளத்தில் நடுவே தூண் எழுப்ப முடியாது, அதனால்தான் தொங்குபாலமே தேவைப்படுகிறது. ஆழம் கூடினால் காற்றும் கூடுகிறது.

காற்று என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் டகோமா பாலம் உலகுக்குக் காட்டியது. நடுப்பகுதி 853 மீட்டர். 1940 ஜூலை 1 அன்று திறந்தார்கள். நவம்பர் 7 அன்று மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் தளம் முறுக்கிக்கொண்டு ஆடி, ஆட்டம் ஏற ஏறப் பிய்ந்து விழுந்தது. அது புயல்கூட இல்லை. பாரத்துக்கு வேண்டிய பலம் பாலத்தில் இருந்தது. மெல்லிய தளமும் காற்றும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு ஆடும் என்ற எண்ணம்தான் வடிவமைத்தவர்களிடம் இல்லை. மனித உயிர் போகவில்லை. காரில் அகப்பட்ட ஒரு நாய் செத்தது. அதற்குப் பிறகுதான் பெரிய தொங்குபாலங்களின் மாதிரியைக் காற்றுக் குகையில் வைத்துச் சோதிக்காமல் கட்டுவதில்லை என்றானது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஆள் இறங்க முடியாத பள்ளத்தின் குறுக்கே முதல் கயிற்றை எப்படிக் கொண்டுபோவது? 1848-ல் நயாகரா பள்ளத்தாக்கில் பாலம் கட்டுவதற்குப் பட்டம் விட வைத்தார்கள். அக்கரையில் பட்டத்தை இறக்குபவனுக்குப் பரிசு. ஹோமன் வால்ஷ் என்ற சிறுவன் ஜெயித்தான். பட்டத்து நூலில் கொஞ்சம் தடித்த நூல், அதில் கயிறு, அதில் வடம் என்று பாலம் வளர்ந்தது. சீனாவின் சிடு ஆற்றுப் பாலத்துக்கு (2009-ல் திறக்கப்பட்டது) ராக்கெட் விட்டுக் கயிறு கடத்தினார்கள். இப்போது ட்ரோன் வந்துவிட்டது. கொல்லிமலையில் கட்டியிருந்தால் ஆளுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை ஒரே அம்பில் துளைத்ததாகப் புறநானூற்றுப் புலவரிடம் பெயர் வாங்கிய வல்வில் ஓரியின் மலை இது. அம்பின் வாலில் நூல் கட்டிக் கொடுத்திருந்தால் நயாகராவுக்கு முன்பே வேலை முடிந்திருக்கும். செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் விழாவும் எடுக்கிறார்கள்.

நடக்கிறவர்களின் பாலங்கள்

தமிழ்நாட்டின் எல்லையோரத்தில் பழைய தொங்குபாலம் ஒன்று உண்டு. செங்கோட்டையிலிருந்து மலையேறிக் கொல்லம் போகிறவர்கள் புனலூரில் கல்லடையாற்றின் மேல் பார்த்திருப்பார்கள். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் வடிவமைக்க, திருவிதாங்கூர் அரசு 1877-ல் கட்டியது. நீளம் சுமார் 400 அடி. கட்டியவர் மேல் ஊருக்கு நம்பிக்கை வரவில்லையாம். பாலத்தின் மேல் யானைகளை நடத்திவிட்டு, தன் குடும்பத்தோடு படகில் ஏறிப் பாலத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று செவிவழிக் கதை சொல்கிறது. உண்மையோ பொய்யோ, இன்றைய ஒப்பந்ததாரர்களுக்குக் கட்டாயமாக்கலாம் போன்ற சோதனை. அந்தப் பாலம் சந்தைக்கும் சரக்குக்கும் வண்டிக்கும் கட்டப்பட்டது. அழகு பிறகுதான் வந்தது.

இந்தியாவில் நம் காலத்தில் தேவைக்காகவே கட்டப்பட்ட பெரிய தொங்குபாலம் உத்தராகண்டின் டோப்ரா–சாண்டி. டெஹ்ரி அணையில் நீர் தேங்கியபோது பாகீரதியின் மேல் இருந்த பழைய பாலங்கள் மூழ்கின. பிரதாப்நகர் பக்கத்துக் கிராமங்கள் ஏரிக்கு அந்தப்புறம் மாட்டிக்கொண்டன. 2006-ல் பாலத்துக்கு அனுமதி கிடைத்தது. வடிவமைப்பில் கோளாறு, வேலை நிறுத்தம், வெளிநாட்டு ஆலோசகர், மறுபடி வடிவமைப்பு என்று இழுத்து, 2020 நவம்பர் 8 அன்றுதான் திறந்தார்கள். மொத்தம் 725 மீட்டர், அதில் தொங்கும் பகுதி 440 மீட்டர். செலவு சுமார் 300 கோடி ரூபாய். ஐந்து மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமானது. ஆனால் அதற்குள் 14 வருடம் ஓடிவிட்டது. அனுமதி வந்த வருடம் பிறந்த குழந்தை ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

அதே இமயமலையில், எல்லை தாண்டி நேபாளத்தில், வேறு பாணி. பெரிய பாலம் ஒன்றுக்காகக் காத்திருக்காமல் சின்னச் சின்னதாக, நடைபாலமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். சுவிட்சர்லாந்தின் உதவி பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. வடிவங்கள் இரண்டே: கரையில் கோபுரம் எழுப்பித் தளத்தைத் தொங்கவிடுவது ஒன்று, கோபுரமே இல்லாமல் வடத்தின் மேலேயே நடைபலகை போடுவது இன்னொன்று. அளவுகளுக்குக் கையேடு இருக்கிறது. கல்லும் மணலும் ஊர் மக்கள் சுமக்கிறார்கள், வடமும் இரும்பும் வெளியிலிருந்து வருகின்றன. இப்படிக் கட்டியவை இன்று ஏறத்தாழ 10,000. அவற்றில் ஒன்றான குஷ்மா–கியாதி பாலம் 344 மீட்டர் நீளம், மோதி ஆற்றுக்கு 100 மீட்டருக்கும் மேலே. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் காது கேட்கும், போக வேண்டுமென்றால் ஆறு வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்றிருந்த ஊர்களுக்கு அந்தப் பாலம் வந்தது. புல்லுக்கட்டும் பள்ளிப் பையும் அதில் தினமும் போய்வருகின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கர்நாடகத்தின் சுள்ளியாவில் சின்னப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கல் எஞ்சினியர் கிரீஷ் பாரத்வாஜிடம் 1989-ல் அரம்பூர் கிராமத்தார் வந்து பயஸ்வினி ஆற்றின் மேல் பாலம் கேட்டார்கள். அவர் படித்தது பாலம் கட்டும் படிப்பல்ல. புத்தகங்களைப் புரட்டி, இரும்பு வடத்தில் நடைபாலம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஊர் வந்தது, அதற்கடுத்த ஊர் வந்தது. கர்நாடகம், கேரளம், ஆந்திரம், ஒடிசா என்று நூற்றுக்கும் மேற்பட்ட நடைபாலங்கள். காங்கிரீட் பாலத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கு, சில மாதங்களில் வேலை முடிந்துவிடும். 2017-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ‘சேது பந்து’ என்ற பட்டம் ஊர் மக்கள் அதற்கு முன்பே கொடுத்திருந்தது.

பார்க்கிறவர்களின் பாலங்கள்

இன்னொரு பக்கம் ஒரு பந்தயம் நடந்துகொண்டிருக்கிறது. 2017-ல் சுவிட்சர்லாந்தில் 494 மீட்டர் நடைபாலம். 2021-ல் போர்ச்சுகலின் அரோகாவில் 516 மீட்டர், ஆற்றுக்கு மேலே 175 மீட்டர். அடுத்த வருடமே செக் நாட்டில் 721 மீட்டர். பிறகு ஹங்கேரியில் 723. இரண்டே மீட்டர் கூடுதல்! பந்தயம் எதற்காக என்பதை அந்த இரண்டு மீட்டரே சொல்லிவிடுகிறது. டிக்கெட் எடுத்து, நடந்து, நடுவில் நின்று படமெடுத்து, திரும்பிப் போகும் பாலங்கள் இவை. அதில் தவறு ஒன்றும் இல்லை. சுற்றுலாவும் பிழைப்புதான்.

கன்னியாகுமரியில் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய். அது தொங்குபாலம் அல்ல, வில்வளைவுப் பாலம். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் சேர்க்கிறது. கூட்டத்துக்கான காட்சிப்பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது. கடல் மட்டம் தாழ்ந்த நாள்களில் சிலைப் பாறைக்குப் படகு விட முடியாமல் வந்தவர்கள் ஏமாந்து திரும்பிய நீண்ட காலச் சிக்கல் அதனால் தீர்ந்தது. காட்சியும் தேவையும் ஒரே பாலத்தில் அமைந்தால் அது அதிர்ஷ்டம்.

கொல்லிமலைக் காட்சிமுனை எதிலிருந்தாவது ஒரு கண்ணாடிப் பாலம் நீட்டினால் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளத்தின் அந்தப்புறம் இருப்பது காடு. போய்ச் சேர ஊர் இல்லை. பாலத்தின் ஒரு நுனிக்கு மட்டும் வேலை இருக்கும், மறுநுனி திரும்பி வருவதற்கு. அந்த ஒரு நுனிக்கு வரும் கூட்டம் முழுக்க அதே 70 வளைவில்தான் ஏற வேண்டும். வார இறுதியில் மலைப்பாதையில் வரிசை கட்டி நிற்கும் கார்களுக்கு நடுவே, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கும் 108 வண்டி எப்படிப் போகும் என்று யோசித்துவிட்டுத்தான் அடிக்கல் நாட்ட வேண்டும்.

துருவும் புல்லும்

பாலம் கட்டுவதைவிடக் கடினமான விஷயம் ஒன்று இருக்கிறது. கட்டிய பாலத்தை மறக்காமல் இருப்பது.

பெருவில் அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வசாகா என்றொரு பாலம். சுமார் 30 மீட்டர் நீளம். முழுக்க முழுக்கப் புல்லால் திரித்த கயிறு. இன்காக்கள் காலத்திலிருந்து ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக அது இருக்கிறது, ஆனால் எந்த வருடமும் பழைய பாலம் இல்லை. ஜூன் மாதத்தில் சுற்றுவட்டாரச் சமூகங்கள் கூடி, வீட்டுக்கு வீடு புல்கயிறு திரித்துக் கொண்டுவந்து, பழையதை அறுத்துவிட்டுப் புதியதைக் கட்டுகிறார்கள். மூன்று நாள் வேலை, நான்காம் நாள் கொண்டாட்டம். கொரோனா வந்த 2020-ல் மக்கள் ஒன்றுகூட முடியவில்லை, பாலம் புதுப்பிக்கப்படவில்லை. 2021 மார்ச்சில் அது அறுந்து விழுந்தது. ஜூனில் மீண்டும் கட்டிவிட்டார்கள். ஐந்நூறு வருடப் பாலம் தாங்கியது ஒரே ஒரு வருட அசட்டையைத்தான்.

இப்போது குஜராத்தின் மோர்பிக்கு வருவோம். மச்சு ஆற்றின் மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமஸ்தானம் கட்டிய தொங்கு நடைபாலம், சுமார் 230 மீட்டர். பழுதுபார்ப்பதாக மூடி, 2022 அக்டோபர் 26 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்து, அக்டோபர் 30 மாலை, அது அறுந்து 135 பேர் இறந்தார்கள். குழந்தைகள் ஏராளம். விசாரணைக் குழு வடத்தைப் பிரித்துப் பார்த்தது. ஒரு வடத்தில் 49 கம்பிகள். அவற்றில் 22 கம்பிகள் விபத்துக்கு முன்பே துருப்பிடித்து அறுந்திருக்கக்கூடும் என்றது அறிக்கை. பழைய தொங்கல் கம்பிகளோடு புதியவற்றை வெல்டிங் செய்திருந்தார்கள். மரப்பலகைத் தளம் இருந்த இடத்தில் அலுமினியத் தகடு புதிதாக வந்திருந்தது. அன்று ஒருநாளில் மட்டும் 3,165 டிக்கெட் விற்றிருந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

பழுதுபார்த்தார்களே என்று கேட்கலாம். கண்ணில் படுவதைப் பழுதுபார்த்தார்கள். காலில் மிதிபடும் தளம் பளபளத்தது. உயிரைப் பிடித்திருந்த வடம் பழையதாகவே இருந்தது. இறுதியில் பாலத்தைக் கொன்றது பாரமா, துருவா, டிக்கெட்டா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 

இந்த இரண்டு பாலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, புல்பாலத்தைக் கட்டுகிறவர்களே அதில் நடக்கிறார்கள் என்பதுதான். மோர்பியில் பராமரித்து டிக்கெட் விற்றவர் ஒருவர், சான்று கொடுக்க வேண்டியவர் ஒருவர், நடப்பவர் யாரோ.

கண்ணுக்குத் தெரியும் எதிர்க்கரை

கொல்லிமலைக்குத் திரும்புவோம். தூரத்திலிருந்து மேசைபோல் தெரிந்தாலும், மேலே ஏறிவிட்டால் அது தட்டை அல்ல. மேடும் பள்ளமுமாக, பள்ளத்தில் அடுக்கடுக்கான நெல்வயல், மேட்டில் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காபி, வாழை, பலா, அன்னாசி, மரவள்ளி. சாமையும் கேழ்வரகும் இன்னும் மிச்சமிருக்கின்றன. நாடுகள் என்று பிரித்து அழைக்கும் பழைய வழக்கம் இன்றும் உண்டு: வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, சேலூர்நாடு, அரியூர்நாடு, தேவனூர்நாடு, குண்டூர்நாடு என. மலையாளிப் பழங்குடி மக்கள்தான் இங்கே பெரும்பான்மை. நாட்டுக்கும் நாட்டுக்கும், ஏன், ஒரே ஊரின் இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவே ஓடைகள் குறுக்கிடுகின்றன. அவற்றில் பல சேர்ந்துதான் ஐயாறாகி, ஆகாய கங்கையாக 300 அடி விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகின்றன. அருவியைப் பார்க்க வருகிறவர் அருவியை மட்டும் பார்க்கிறார். அதை உண்டாக்கும் ஓடைகளைத் தாண்டித்தான் மிளகு மூட்டை சோளக்காட்டுச் சந்தைக்கு வர வேண்டும்.

தொங்குபாலத்துக்கு இந்த மலையில் உண்மையான வேலை இங்கேதான். 40 மீட்டர், 60 மீட்டர், அதிகம் போனால் 100 மீட்டர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தும் இறங்கி ஏற வேண்டிய இடங்கள். ஐப்பசி மழையில் ஓடை பெருகினால் பள்ளிக்கூடமோ ரேஷன் கடையோ எட்டாக்கனியாகும் இடங்கள். எங்கே என்று எஞ்சினியர் தேட வேண்டியதில்லை. கிராம சபையில் கேட்டால் போதும்.

நடைபாலம் மட்டும் போதுமா என்ற கேள்வியும் நியாயமானதே. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போனது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாத இடத்தோடு நின்றுவிட, மிச்சத் தூரத்தைத் தாய் சுமந்தே நடந்தார். அந்த ஊருக்கு நடைபாலம் விடையல்ல. வண்டி போகும் சாலைதான் விடை. வன உரிமைச் சட்டம் 2006-ன் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைச் சாலை, பள்ளி, மருத்துவ நிலையம் போன்றவற்றுக்குக் கொடுக்க வழி செய்கிறது. சட்டம் இருக்கிறது. கோப்புதான் மலையேறத் திணறுகிறது.

பாலமே கூடாது என்று காடு சொல்லும் இடமும் உண்டு. நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரஹாடாவுக்குப் பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் பஸ் வரும். மாயாற்றங்கரையோடு நின்றுவிடும். அந்தப்புறம் ஊர். பரிசலில்தான் கடக்க வேண்டும், வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. ஊர் பாலம் கேட்டது. சுற்றிலும் புலிகள் காப்பகக் காடு, பாலம் வந்தால் போக்குவரத்து பெருகும் என்பது வனத்துறையின் பக்கம். இப்போது பேச்செல்லாம் ஊரையே வேறிடத்துக்கு மாற்றுவது பற்றித்தான், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு பாலத்தை மறுப்பதற்கு ஓர் ஊரைக் காலி செய்வது சரியா என்பதில் எனக்கு உறுத்தல் உண்டு. ஆனால் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் யானைக்கும் புலிக்கும் வேறு வழி இல்லை என்பதும் பொய்யில்லை. கொல்லிமலையின் உச்சி அப்படிப்பட்ட காடல்ல, தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிடும் நிலம். இங்கே ஓடை மேல் போடும் நடைபாலத்தால் புலி கலையப் போவதில்லை.

எனவே கொல்லிமலைக்குப் பாலம் வேண்டுமா என்று யாராவது கேட்டால், என் பதில்: வேண்டும், ஒன்றல்ல, பல. ஆனால் எதுவும் அட்டைப்படத்துக்கு லாயக்காக இருக்காது. 625 மீட்டர் உயரம் கிடையாது, கண்ணாடித் தளம் கிடையாது, உலக சாதனைப் பட்டியலில் இடம் கிடையாது. இரும்பு வடம், கம்பி வலை அடைத்த கைப்பிடி, தலைச்சுமையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கும் அகலம். நேபாளத்தின் கையேடு இருக்கிறது, சுள்ளியாவின் அனுபவம் இருக்கிறது, சார்னகைட் பாறை இருக்கிறது. கல் சுமக்க ஊர்க்காரர்களைக் கூப்பிடும்போதே, ஆண்டுக்கொருமுறை வடத்துக்குக் கிரீஸ் போடவும் நட்டு முடுக்கவும் அதே ஊரில் இரண்டு பேருக்குப் பயிற்சியும் சம்பளமும் தர வேண்டும். அதற்கான பணத்தைப் பாலத்தின் மதிப்பீட்டிலேயே சேர்க்காவிட்டால், கட்டாமல் இருப்பதே மேல்.

ஒவ்வொரு பாலத்தின் வாசலிலும் மூன்று வரி எழுதிய பலகை வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம். காற்று எந்த வேகத்தைத் தொட்டால் மூட வேண்டும். நங்கூரத்தையும் வடத்தையும் கடைசியாகச் சோதித்த தேதி என்ன, சோதித்தவர் யார். திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது எப்படியும் வந்துவிடும்.